திரையில் ஒரு துண்டு மட்டும்

வயதான பிறகு டேப் மாஸ்டருக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது அந்தப் பழைய தையற்கூடம்தான். கழுத்தில் மாட்டிய அளவு டேப்போடு ஆலயத்துக்கே போய்விடுகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். துணி வெட்டுவது அவர். தைப்பது அவருடைய கூட்டாளி குண்டூசி. வாய் நிறைய குண்டூசியைக் கவ்விக்கொண்டே ஊர்க்கதை பேசுகிற ஆள். என்றைக்காவது விழுங்கித் தொலைப்பான் என்று எல்லாரும் பயந்தார்கள். மனுஷன் ஒன்றைக்கூட விழுங்கவில்லை. மழை பெய்தால் கூரை ஒழுகும். இருவரும் வெட்டுமேசை மேல் ஏறி உட்கார்ந்து ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள். நகமும் சதையுமாக இருந்தார்கள். அடடா, என்ன நாட்கள் அவை!

வெல்வெட்டுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பக்கமாகத் தடவினால் பளபளக்கும், எதிர்ப்பக்கமாகத் தடவினால் கறுக்கும். துண்டுகள் எல்லாம் ஒரே திசையில் நிற்க வேண்டும். அதனால் வெட்டுகிறவர் ஒவ்வொரு துண்டின் பின்னாலும் சாக்குக்கட்டியால் அம்பு போடுவார். தைக்கிறவர் அந்த அம்பைப் பார்த்து இணைப்பார்.

ஒரு நாடக அரங்கத்துக்குப் பெரிய சிவப்புத் திரை தைக்கும் வேலை வந்தது. அரட்டை சுவாரஸ்யத்தில் டேப் மாஸ்டர் ஒரு துண்டில் அம்பை மாற்றிப் போட்டுவிட்டார். திரையை மாட்டி விளக்கைப் போட்டதும், நட்டநடுவில் ஒரு துண்டு மட்டும் கறுத்துப்போய் நின்றது. தையற்கூட முதலாளி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"எவன்டா இதைத் தலைகீழாத் தச்சது?"

சாக்குக்கட்டி அம்பு எப்போதோ உதிர்ந்துவிட்டது; யார் தவறு என்று காட்ட எதுவும் இல்லை. ஆனால் டேப் மாஸ்டருக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. வாயைத் திறந்திருக்கலாம். வேலை போய்விடுமே என்று பின்னால் நகர்ந்து நின்றார். பாழாய்ப்போன பயம்! குண்டூசிதான் வாயிலிருந்த ஊசிகளை எடுத்துவிட்டு, "நான் அம்பைச் சரியாப் பாக்கல போல இருக்கு, முதலாளி" என்றான். அன்றே அவன் வேலை போயிற்று. தையற்காரர்கள் மத்தியில் அவனுக்குப் புதுப் பெயரும் வந்தது: தலைகீழ்.

அதற்குப் பிறகு டேப் மாஸ்டர் ஆலயத்தில் அழுத அழுகை இருக்கிறதே! ஞாயிறு தவறாமல் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, நான் பாவி" என்று குலுங்குவார். மனந்திரும்புதலை இவரிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று போதகரே ஒருமுறை சொன்னார். ஆனால் குண்டூசியின் தெரு வந்தால் மட்டும் மாஸ்டர் சுற்றிக்கொண்டு போய்விடுவார். இப்படியே தலை நரைத்துவிட்டது.

ஒரு ஞாயிறு, ஆலயத்திலிருந்து வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, அந்தத் திரையை ஆண்டவரா தச்சாரு?"

"அவர் என்னை மன்னிச்சிருப்பார்டி."

"மன்னிப்பாரு, யார் இல்லைன்னா? பழியை அந்த மனுஷன் தலையில வச்சது வச்சபடியே இருக்கு. அதை இறக்கி வைக்காம ஆலயத்துல போய் அழுதா அது மனந்திரும்புதலா? அதுக்கும் இதுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது!"

மறுநாள் போனார். சின்னக் கடை. குண்டூசி யாருடைய பேன்ட்டுக்கோ ஜிப் மாற்றிக்கொண்டிருந்தான். திரைக்குப் பிறகு அவனை நம்பிப் பெரிய வேலை கொடுக்க ஆளில்லை.

"வாடா டேப்பு! இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று சிரித்தான். முன்பல் ஒன்று போயிருந்தது. ஊசிகள் அப்படியே இருந்தன. அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் மாஸ்டர் சட்டென்று சொல்லிவிட்டார்.

"அந்த அம்பை நான்தான்டா மாத்திப் போட்டேன். தெரிஞ்சே வாயை மூடிட்டு நின்னேன்."

ஊசிகள் மடியில் விழுந்தன.

"அப்ப... நான் சரியாத்தான் தச்சேனா?"

"சரியாத்தான்டா தச்ச."

"அடப்பாவி! அன்னைக்கு விட்டவன், இன்னும் வெல்வெட்டைத் தொடலடா நான். ஒரு பேன்ட்டை மடிச்சுத் தைக்கக்கூடப் பத்துத் தடவை திருப்பித் திருப்பிப் பாக்குறேன். என் கையை நானே நம்பலையேடா!"

மாஸ்டர் அடியை எதிர்பார்த்து நின்றார். விழுந்திருந்தால் தேவலை. குண்டூசி தன் இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டான்.

"ஏய், இங்க வா! பிள்ளைங்களையும் கூட்டிட்டு வா!"

மனைவியும் மகனும் மருமகளும் வந்து நின்றார்கள்.

"இப்பச் சொல்லுடா. சத்தமாச் சொல்லு, அவளுக்குக் காது மந்தம்."

டேப் மாஸ்டர் தெருவுக்கே கேட்கிறபடி சொன்னார். அன்றுதான் முதன்முறையாக அழாமல் சொன்னார்.