இரண்டு பாளம் ஐஸ்

சித்தப்பாவிடம் அப்போது இரண்டு சூப்பர்சார்ஜர்கள் இருந்தன. வேலை ஒன்றுகூட இல்லை. எஞ்சின் தானாக இழுத்துக்கொள்கிற காற்று போதாதென்று, கூடுதல் காற்றை உள்ளே திணிக்கிற கருவிக்குத்தான் அந்தப் பெயர். இரண்டையும் புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கியிருந்தார். மயிலாப்பூர் வீட்டின் பின்பக்க ஷெட்டில், அரைவிலைக்கு வாங்கிய சின்னக் காரில் அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டுவார். நான் ஐந்தாம் வகுப்பு. காற்றுக் குழாயில் செருகியிருந்த தெர்மாமீட்டரைப் பார்த்துச் சொல்வது என் உத்தியோகம்.

முதலாவதுக்கு நான் வைத்த பெயர் இரட்டையர். பெட்டிக்குள் இரண்டு தடித்த உருளைகள், எட்டு எண்போல இடுப்பு சிறுத்தவை, ஒன்றையொன்று தொடாமல் கட்டிப்பிடித்துச் சுற்றும். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததுமே தள்ளும். ஆனால் காற்றை வறுத்துத்தான் தள்ளும். இரண்டாவது நத்தை. சுருண்ட ஓட்டுக்குள் ஒரு சின்ன விசிறி. விமானத்திலிருந்து கழற்றியது என்று விற்றவன் சொன்னான், பொய்யாகவும் இருக்கலாம். மெதுவான ஓட்டத்தில் தூங்கும், வேகம் ஏற ஏற விழிக்கும், காற்றை அவ்வளவாகச் சுடவைக்காது. சுட்ட காற்று உள்ளே போனால் பெட்ரோல் நேரம் தவறி வெடித்து, தகரத்தில் கோலிக்குண்டு உருட்டின மாதிரி எஞ்சின் தட்டும். தட்டவிட்டால் பிஸ்டன் போச்சு. இதெல்லாம் எனக்கு அத்துப்படி. பதினாறாம் வாய்ப்பாடுதான் வராது.

மாடியில் அத்தை படுத்திருந்தாள். அப்பாவுக்கு அக்கா. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒரே மகன் பினாங்கிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தான். ஷெட்டுச் சத்தம் அவளைத் தொந்தரவு செய்யுமோ என்று அம்மா கேட்டபோது அத்தை சொன்னாளாம்: "மொத மெஷினு ஒப்பாரி வைக்கி. அடுத்தது சங்கு ஊதுது. எனக்குச் சங்குதான் புடிச்சிருக்கு."

அப்பாவுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை வைத்தவர். அவர் ஒரு கெடு விதித்தார். சனிக்கிழமை சாயங்காலம் அவர் கண்முன்னால் எஞ்சின் தட்டாமல் ஓடினால் சித்தப்பா சோழவரம் ரேஸுக்குப் போகலாம். தட்டினால் காரை எடைக்குப் போட்டுவிட்டுக் கடைக்கு வந்து துணி மடிக்க வேண்டும்.

அது கத்திரி வெயில். இரட்டையரை முதலிலேயே கழற்றிவிட்டோம். நத்தைகூட அந்த வெயிலில் தட்டியது. அதனால் சித்தப்பா ஒரு தகரப்பெட்டி செய்தார். காற்று அதற்குள் மெல்லிய செப்புக் குழாய்கள் வழியாகப் போகும். குழாய்களைச் சுற்றி ஐஸ். பெட்டியைத் தாண்டி வரும் காற்றில் என் தெர்மாமீட்டர்.

சனிக்கிழமை மதியம் நொச்சிக்குப்பத்திலிருந்து கைவண்டி வந்தது. கோணி போர்த்தி, மரத்தூள் தூவி, ஐஸ். வண்டிக்காரர் வாசலிலேயே தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"எங்க எறக்கறது நைனா? கூடத்துலயா?"

"பின்னால, ஷெட்ல."

அவர் சித்தப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஷெட்லயா வைப்பீங்கோ?" என்று மெல்லக் கேட்டுவிட்டு, "ரெண்டு பாளம் கீது" என்றார்.

"நான் ஒண்ணுதானே சொன்னேன்?"

"நீ சொன்னது ஒண்ணு. ஊட்லேர்ந்து வேலைக்காரம்மா வந்து இன்னொண்ணு சொல்லிட்டுப் போச்சு."

அம்மாவின் உபகாரமாக இருக்கும் என்று சித்தப்பா சந்தோஷப்பட்டார். முதல் பாளத்தை உடைத்துப் பெட்டியில் கொட்டினோம். பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, பிரேக்கைப் பாதி அழுத்தி எஞ்சினுக்குச் சுமை கொடுத்து, ஒத்திகையாக ஓட்டினார். நத்தை விழித்தது. நீளமான, ஒற்றைச் சுரத்தில் ஏறும் ஊளை. பாதரசம் இறங்கியது. தட்டவில்லை.

அணைத்தபிறகுதான் கவனித்தேன். தெருவில் சத்தமே இல்லை. முனைக் கடையின் ரேடியோ நின்றிருந்தது. கூடத்துக்கு ஓடினால், பத்துப் பதினைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். செருப்புகள் எல்லாம் தெருவிலேயே கிடந்தன. அம்மாவோ கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். எதிர்வீட்டு மாமி என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்போடி ஆச்சு, கொழந்தே?"

"இப்பத்தான் மாமி. ஐஸ் வச்சதும் சரியாயிடுச்சு."

மாமியின் கை என் முதுகில் அப்படியே நின்றுபோனது.

அப்போது மாடிப்படி கிறீச்சிட்டது. ஒரு படி. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. இன்னொரு படி. வெள்ளைப் புடவையில், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மாதக்கணக்காக எழுந்திராத அத்தை இறங்கி வந்தாள். யாரும் கத்தவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து சுவரோரம் நகர்ந்தார்கள். அத்தை எல்லோரையும் நிதானமாகப் பார்த்தாள்.

"எல்லாரும் வந்தாச்சா? ஏன் நிக்கிய, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தாள். காருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டேன்.

யாரோ கடைக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா செருப்பில்லாமல், கழுத்தில் தொங்கும் இஞ்சு டேப்போடு, ஷெட்டு வாசலில் வந்து நின்றார்.

"வா தம்பி" என்றாள் அத்தை. "ஒனக்கும் சொல்லிட்டாவளா? உக்காரு. இவன் ஓட்டிக் காட்டுதான், பாரு."

முதல் பாளம் தண்ணீராகியிருந்தது. சித்தப்பா இரண்டாவதையும் உடைத்துக் கொட்டினார். சாவியைத் திருப்பினார். நத்தை தூக்கத்திலிருந்து எழுந்து மேலே மேலே ஊதியது. கூடத்துப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்களாம். ஷெட்டின் தகரக்கூரை அதிர்ந்தது. நான் பாதரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தட்டுகூடத் தட்டவில்லை.

அணைத்ததும் சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா எஞ்சினை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்திருக்கவில்லை, அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். "போ" என்றார். அவ்வளவுதான், சோழவரத்துக்கு அனுமதி.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தை தகரப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் கரைஞ்சிட்டோ?"

"ரெண்டுமே கரைஞ்சிருச்சு அத்தை. ரெண்டாவது இல்லேன்னா தட்டியிருக்கும்."

"அது எனக்குன்னு நான் சொல்லிவிட்டது" என்றாள். "இன்னைக்குப் போயிருவேன்னு நெனச்சேன். சரி, ஆகட்டும். இனி எம் மவன் வாரது வரைக்கும் நானே இருந்தாத்தான் உண்டு."

சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணி கீழே விழுந்தது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐஸ் வாங்கிக் கொடுத்ததற்கு ஏன் இப்படி என்று எனக்கு விளங்கவில்லை. அத்தை சொன்ன சொல் தவறவில்லை. கப்பல் வந்து மகன் மாடியேறியபோது விழித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அது பிறகு.

அன்று சாயங்காலம், என் உத்தியோகத்தின் பெருமையை அவளுக்குக் காட்ட, தெர்மாமீட்டரைக் குழாயிலிருந்து உருவி அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன். ஷெட்டு அடுப்புபோல் கொதித்துக்கொண்டிருந்தது. பாதரசம் இறங்கியது. ஐஸ் வைத்த காற்று நின்ற கோட்டுக்கு வந்தது. அங்கே நிற்காமல் இன்னும் கீழே போனது. இறங்க இறங்க நல்லது என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"சித்தப்பா, அத்தைதான் ஜெயிச்சா" என்று கூவினேன்.

அத்தை மட்டும் என்னோடு சேர்ந்து சிரித்தாள்.