பாஸ்வேர்டைக் கேட்டவன்

கோவிட் பரவி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, கிள்ளான் துறைமுகப் பக்கம் கப்பல் சரக்குகளுக்குப் பத்திரங்கள் தயார் செய்யும் ஒரு நிறுவனத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிவு என்றால் நான் ஒருவன்தான். இரண்டே நாளில் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்ய வழி பண்ணச் சொன்னார் முதலாளி. பிரிக்பீல்ட்ஸில் என் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்தபடி, வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவரிடமும் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி, நானே இணைப்பைப் போட்டுக் கொடுத்தேன். செய்யக்கூடாத காரியம் என்று தெரியும். பிறகு எல்லோரையும் மாற்றச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவே இல்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் நிறுவனத்தின் கோப்பு ஒன்றுகூடத் திறக்கவில்லை. யாரோ இணையம் வழியாக உள்ளே புகுந்து எல்லாவற்றையும் பூட்டியிருந்தார்கள். நகல் எடுத்து வைத்த டிஸ்க்கும் அதே கணினியில் செருகியிருந்ததால் அதுவும் போயிற்று. பத்திரம் இல்லாமல் கொள்கலன்கள் துறைமுகத்திலேயே நின்றன.

தேடிப் பார்த்ததில், பந்திங் ஊரில் தன் வீட்டிலிருந்து வேலை செய்த அக்கா ஒருவரின் கணக்கு வழியாக நுழைந்திருந்தார்கள். பத்திரப் பிரிவில் பதினெட்டு வருடம் இருந்தவர். போன் செய்து விசாரித்தேன். என் பெயரில் வந்த மின்னஞ்சலுக்குப் பாஸ்வேர்டை அனுப்பியிருக்கிறார்.

"நான் கேக்கலக்கா."

"முன்னாடியும் நீங்கதானே தம்பி கேட்டீங்க? அதே மாதிரிதான்னு நெனச்சேன்."



யாருடைய கணக்கு என்று முதலாளி கேட்டார். அதை மட்டும் சொன்னேன். அந்த வாரமே அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அதன் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. உள்ளே நுழையக் கைப்பேசிக்கு வரும் எண்ணும் தேவை என்றாயிற்று. நகல்களைத் தனியே பாதுகாத்தோம். பாஸ்வேர்டை நான் உட்பட யாரும் கேட்க மாட்டார்கள் என்று அறிவிப்பு அனுப்பினேன். நல்ல வேலை என்றார் முதலாளி.

நிறுவனத்தின் மடிக்கணினியை வாங்கிவரப் பந்திங்குக்கு நான்தான் போனேன். அக்கா அதைத் துடைத்து, சார்ஜர் வயரைச் சுருட்டி வைத்திருந்தார். மகளின் பள்ளிப் பாடங்கள் அதில் இருப்பதாகவும், எடுத்துத் தர முடியுமா என்றும் கேட்டார். வாசலிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக நகலெடுத்தேன்.

"மொதல்ல கேட்டது நான்தான்னு பாஸ்கிட்ட சொல்லலக்கா," என்றேன்.

"தெரியும் தம்பி. சொல்லியிருந்தா பாஸ்கிட்டருந்து எனக்கு ஒரு போனாவது வந்திருக்கும்லா."

கோபமே இல்லாத குரல். அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவின் இடத்துக்கு ஆள் எடுத்தாயிற்று, இனி அதைக் கிளறாதே என்றார். இன்றும் அங்கேதான் வேலை செய்கிறேன். அக்காவை அதன் பிறகு இரண்டு முறை அழைத்தேன். அவர் எடுக்கவில்லை.