நேராகப் போன பந்து

துரைக்குப் பந்து நேராகப் போகாது. அடித்ததும் இடது பக்கமாகக் கிளம்பும். நல்ல பிள்ளை மாதிரி கொஞ்ச தூரம் போய்விட்டு, வலது பக்கம் வளைந்து கருவேலங்காட்டுக்குள் விழும். பத்து அடித்தால் பத்தும் அப்படித்தான். முள்ளுக்குள் புகுந்து அதைத் தேடி எடுத்து வருவது என் உத்தியோகம்.

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. தாமல் ஏரி வற்றி வெடித்துக் கிடந்த கோடை. கரையைப் பலப்படுத்த வந்த என்ஜினியர் துரை கரைமேலேயே கூடாரம் போட்டிருந்தார். தினமும் காலையில், வேலையைப் பார்வையிடப் போவதற்கு முன்னால், ஏரிக்குள் இறங்கி ஒரு மணி நேரம் கோல்ப் ஆடுவார். தூரத்தில் ஒரு மூங்கிலில் சிவப்புத் துணி கட்டி நட்டிருந்தோம். பந்து அந்தக் கொடியைப் பார்த்துப் போக வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். மட்டைப் பையைச் சுமந்துகொண்டு நான் பின்னால் நடப்பேன். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். என் மனைவி அதே ஏரியில் வண்டல் மண் சுமந்து கரையில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

மண் சுமக்கும் பெண்களுக்கு முதலில் கருவேலங்காட்டை ஒட்டித்தான் பாதை. துரையின் பந்து விழுவதும் அங்கேதான். பந்து வளையத் தொடங்கியதுமே துரை பெரிதாக ஒரு கூச்சல் போடுவார். பெண்கள் கூடையைப் போட்டுவிட்டுக் குந்திக்கொள்வார்கள். ஒரு நாள் ஒரு கிழவியின் கணுக்காலில் பட்டு வீங்கிவிட்டது. நான்தான் மேஸ்திரியிடம் போய் யோசனை சொன்னேன்: பாதையைக் கொடிக்குப் பின்னால் மாற்றிவிடுங்கள், அங்கே மட்டும் பந்து வரவே வராது என்று. மேஸ்திரி சிரித்தார், மாற்றினார். அன்று மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது என் மனைவி சொன்னாள்:

"கொடிகிட்ட குந்திக்கினு சோறே துன்னலாம்யா. தொர பந்து அந்தப் பக்கம் தல வெச்சிப் படுக்காது."

எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

துரைதான் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு வந்தார். பட்டணத்திலிருந்து புது மட்டை வரவழைத்தார். ஏதோ புத்தகத்தைக் கூடாரத்தில் விரித்துவைத்துக்கொண்டு, வெறுங்கையை வீசிப் பார்த்தார். பந்து வலது பக்கம் ஓடுகிறதே என்று தன் உடம்பை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி நின்று அடிப்பார். அது இன்னும் அதிகமாக வளையும். மறுநாள் இன்னும் திரும்புவார். கோபம் வந்தால் மட்டையைத் தரையில் அறைவார். அந்தக் கோபம் கடைசியில் என் தலையில்தான் விடியும்.

கோளாறு எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் காஞ்சியில் நெசவுக்காரர் தெருவில் கூலிக்கு இருந்தவன் நான். விடிகாலையில் தறிக்குப் போகும் நூலைத் தெரு நீளத்துக்கும் பாவாக விரிப்பார்கள். எங்கள் ஆட்கள் நூலைத் தொடக்கூடாது, ஆனால் பாவைத் தாங்கும் கவைக்கால் நடலாம், கயிறு இழுக்கலாம். ஒரு கால் விரற்கடை தள்ளிப்போனாலும் பாவு ஒரு பக்கம் தொய்ந்துவிடும், வசவு விழும். அப்படி வசவு வாங்கி வாங்கி, எது நேர் எது கோணல் என்பது என் கண்ணுக்குள் ஏறிவிட்டது. துரை கொடியைப் பார்த்து அடிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். அவர் காலும் தோளும் எங்கேயோ இடது பக்கத்துப் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அங்கே பார்த்து நின்றுகொண்டு பந்தை இங்கே இழுத்தால், மட்டை பந்தைக் குறுக்கே சீவாமல் என்ன செய்யும்?

சும்மா இருந்திருக்கலாம். முள் குத்திக் குத்திக் கால் புண்ணாகியிருந்தது என்பது உண்மை. அதைவிட, ஒரு வெள்ளைக்காரனுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருக்கிறதே என்ற நமைச்சல் தாங்கவில்லை என்பதுதான் பெரிய உண்மை.

"தொர கோவிச்சிக்கக் கூடாது. கை நல்லாதான் இருக்குது. காலுதான் கோணலா நிக்குது" என்றேன்.

அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். முறைத்தார். நான் ஓடிப்போய்க் கூடாரக் கயிறு இரண்டு எடுத்து வந்தேன். ஒன்றைப் பந்திலிருந்து கொடியை நோக்கி நீட்டினேன். இன்னொன்றை அவர் நின்ற கால்களின் நுனியை ஒட்டிப் போட்டேன். இரண்டும் பாவுக்கயிறு மாதிரி விலகாமல் போயிருக்க வேண்டும். அவர் காலடிக் கயிறோ தன் பாட்டுக்குப் புளியமரத்துக்குப் போயிற்று. துரை குனிந்து, அந்தக் கயிறு போகும் திசையைத் தானே பார்த்தார்.

அதற்கப்புறம் நாலு நாள் காலை ஆட்டம் இல்லை, சாயங்காலம்தான். வேலையாட்கள் வீட்டுக்குப் போன பிறகு, கூடாரத்துக்குப் பின்னால் இருந்த வெறும் பொட்டலில் கயிறு போட்டு அடித்துப் பழகினார். கால் நேரானது. பிறகு தோள் நேரானது. நாலாவது நாள் பந்து வளைவதை மறந்துவிட்டது. துரை என் முதுகில் தட்டினார். அதுவரை எந்தத் துரையும் என்னைத் தொட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் போய் என் மனைவியிடம் சொல்லவில்லை. காலையில் அவளே பார்த்து வாயைப் பிளக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலை ஏரிக்குள் இறங்கினோம். கயிறு இல்லாமலே துரை நின்றார். நான் அவர் பின்னால் நின்று காலைப் பார்த்தேன், தோளைப் பார்த்தேன், கொடியைப் பார்த்தேன். கொடிக்குப் பின்னால் கூடை சுமந்த பெண்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களையும் பார்த்தேன். பார்த்தேன் என்பதை மறைக்க முடியாது. ஆனால் கொடிப் பக்கம் பந்து வராது என்று இரண்டு மாதமாக ஊறிப்போன மண்டை எனக்கு. அந்தப் பந்தை நேராக்கியவனே நான்தான் என்பது அந்தக் கணத்தில் எனக்கு உறைக்கவில்லை.

துரை அடித்தார். பந்து கொஞ்சமும் வளையாமல் உயர்ந்து போயிற்று. வளைந்தால்தானே கூச்சல் போடுவார்? அன்று சந்தோஷத்தில் வாயடைத்து நின்றார். பந்து ஆகாயத்தில் இருக்கும்போதே நான் பலமாகக் கை தட்டினேன்.

வரிசையில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். கூடை விழுந்தது. அப்புறம்தான் அலறல் வந்தது.

ஓடும்போதே புடவையின் நிறத்தில் அது யார் என்று தெரிந்துவிட்டது. துரையும் ஓடி வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. தன் குதிரை வண்டியிலேயே காஞ்சி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வழி முழுக்க அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு இருக்குதாயா, பாத்து சொல்லுயா" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இருக்கிறது என்றேன். இடது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

துரை அதற்குப் பிறகு மட்டையைத் தொடவில்லை. மழைக்கு முன்னால் மாற்றலாகிப் போய்விட்டார். கயிறு போட்ட கதை அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள். கேட்பவர்களிடமெல்லாம் அவள் ஒரே மாதிரிதான் சொல்வாள்: "தொர மேல தப்பு இல்லமா. அவருக்குக் கோணக் கை. அன்னிக்கிப் பாத்து பந்து எங்கியோ போறது தப்பி இங்க வந்துடுச்சி." நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவேன்.

போன மாதம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தினாள்.

"பந்து படறதுக்கு முன்ன யாரோ கை தட்னாங்கயா. அதுக்குத்தான் நான் திரும்பனேன். இல்லன்னா கூடை மேல பட்டுட்டுப் போயிருக்கும். யாரா இருக்கும்?"

"மேஸ்திரியா இருக்கும்" என்றேன்.

"இருக்கும் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த காயை எடுத்தாள்.