கால்விரலைத் தளர்த்திய பிறகு

எனக்கு எழுபத்திரண்டு வயது. நான் பெற்றது ஐந்து, தங்கை விட்டுப்போனது இரண்டு, ஆக ஏழு பேரை ஆளாக்கியவள். போன தை மாதம், உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊரில், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போன இடத்தில் அப்படியே சாய்ந்துவிட்டேன்.

பின்மண்டையில் சிறுமூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம். கை காலில் பலம் குறையவில்லை. ஆனால் எழுந்து நின்றால் உடம்பு ஆடும். மருமகள் பிடித்துக்கொண்டு ரேஷன் கடைக்குக் கூட்டிப் போனபோது வரிசையில் இருந்த ஒருவன், "இன்னாம்மா, காலங்காத்தாலயே கெழவிக்கு ஊத்திக் குடுத்துட்டியா?" என்று கேட்டான். அவள் சண்டைக்குப் போனாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கள்ளு வாசனையே அறியாதவளுக்கு வந்த பெயரைப் பாருங்கள்.

ஒன்றுதான் உறுத்தியது. ஆடியில் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது, அண்டாவிலிருந்து மொண்டு ஊற்றுவது முப்பது வருடமாய் நான்தான். இந்த வருடம் நாற்காலி போடுகிறோம், உட்கார்ந்து ஊற்று என்றார்கள். வாங்குகிற சனம் நிற்க, ஊற்றுகிறவள் உட்காருவதா? மாட்டேன் என்றுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்தது பக்கத்து ஊரான மானாம்பதிப் பெண் ஒருத்தி. காலை அகட்டி நிற்கவைத்து, தோளை லேசாகத் தள்ளுவாள். முன்னால் தள்ளினால் நான் விறைத்துக்கொண்டு பின்னால் விழப் பார்ப்பேன். கொஞ்சம் சாய்ந்ததற்கு உடம்பு நிறைய இழுத்துவிடுகிறது, அந்த அளவைத் திரும்பப் பழக வேண்டும் என்றாள். ஒரு மாதமாகியும் தேறவில்லை. ஒருநாள் குனிந்து என் பாதத்தைப் பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

"ஆயா, நடவு நட்டவங்களா நீங்க? இது சேறு இல்ல, டைல்ஸ். வெரலால எதைப் புடிச்சிக்கினு கீறீங்க? அவுத்து வுடுங்க."

பார்த்தால் பத்து விரலும் தரையைக் கவ்விக்கொண்டிருந்தன. சேற்றில் அப்படி நின்றால்தான் வழுக்காது. அந்தப் பிடிதான் இங்கே உடம்பு முழுவதையும் விறைக்க வைத்திருக்கிறது. விரலைத் தளர்த்தினேன். பயமாக இருந்தது. ஆடட்டும், நான் பக்கத்தில்தான் இருக்கிறேன் என்றாள். இந்தப் பக்கம் ஆடி, அந்தப் பக்கம் ஆடி, உடம்பு தானாக நடுவுக்கு வந்தது. பத்து எண்ணும்வரை நின்றேன்.

அப்புறம் வீட்டில் தினமும் பழக்கம். மருமகள் பின்னால் நின்று, "அத்தே, வெரலு" என்று அதட்டுவாள். அதட்ட அவளுக்கும் ஒரு காலம் வந்தது.

ஆடி ஞாயிற்றுக்கிழமை சொம்போடு அண்டா பக்கத்தில் நின்றேன். பாதி வரிசை போயிருக்கும், கூட்டத்தில் யாரோ இடித்துவிட்டார்கள். சாய்ந்தேன். மருமகள் கையை நீட்டிவிட்டாள். நான் விறைக்கவில்லை. ஓர் ஆட்டம் ஆடி, நின்றுவிட்டேன். கூழ்தான் அவள் காலில் கொட்டியது.

"வரிசையில நிக்காமலே எனக்கு ஊத்திட்டியே அத்தே" என்றாள். தெருவே சிரித்தது.

இன்றும் கொஞ்சம் ஆடித்தான் நிற்கிறேன். அசையாமல் நிற்பதுதான் கௌரவம் என்று நினைத்திருந்தவள் நான். அந்த நினைப்புப் போனதிலிருந்து, தேவைப்பட்டால் மருமகள் கையைப் பிடிப்பதும் எனக்குக் குறைவாகத் தெரியவில்லை.

எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதியவள் பேத்தி. எங்கே கண்ணு, நீயா எதுவும் சேத்துட்டியான்னு பாக்கணும், மொதல்ல இருந்து ஒருவாட்டி படி.