பிரேக் பெடலைக் கழற்றிக்கொண்டு போனவர்

1999-ல் நடந்தது இது. கல்யாணமாகி, அமெரிக்காவில் டெக்ஸாஸின் ரவுண்ட் ராக் என்ற ஊருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எங்களிடம் இருந்தது ஒரே கார். எனக்கு லைசென்ஸ் கிடைத்ததும் காரை என்னிடம் விட்டுவிட்டு, என் கணவர் பழைய மோட்டார் பைக் ஒன்றை வாங்கி ஆபீஸுக்குப் போக ஆரம்பித்தார்.

அந்த அபார்ட்மென்டில் யாரைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம்தான். முந்தின வாரம் பார்க்கிங்கில் ஒரு காரின் கண்ணாடியை உடைத்து ஸ்டீரியோவைத் திருடியிருந்தார்கள். "யார் தட்டினாலும் கதவத் திறக்காதம்மா" என்று எதிர் பிளாக் தமிழ் ஆன்ட்டி வேறு பயமுறுத்தி வைத்திருந்தார். என் சந்தேகம் முழுக்கக் கீழ்வீட்டு மெக்ஸிகோக்காரர் மேல். ஐம்பது வயதிருக்கும், இரண்டு கையிலும் பச்சை குத்தியிருப்பார். போகும்போதும் வரும்போதும் எங்கள் பைக்கையே நின்று பார்ப்பார். என்னைப் பார்த்துத் தலையசைத்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பைக்கின் பின் பிரேக் பெடலை மிதித்தால் திரும்ப மேலே வராமல் அப்படியே நின்றது. என் கணவர் புத்தகத்தைப் பார்த்து அதைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவி மாட்டினார். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது நான்தான். அந்த மனிதர் தன் டிரக்கில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதைக் கழட்டலாம்னு நோட்டம் விடறான் பாருங்க" என்றேன்.

"சும்மா இரும்மா. பைக் புடிச்சிருக்கும் அவனுக்கு" என்று சிரித்தார் கணவர்.

மதியம் என் கணவர் கடைக்குப் போயிருந்த நேரம், கதவு தட்டும் சத்தம். கதவிலிருந்த லென்ஸ் வழியாகப் பார்த்தேன். அதே ஆள். கையில் எதையோ மூடி வைத்திருந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று தடவை தட்டிவிட்டுப் போனார். வீட்டில் ஆள் இருக்கிறதா என்று வேவு பார்க்க வந்தவர் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் காலை. கணவர் குளித்துக்கொண்டிருந்தார். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், அந்தக் கீழ்வீட்டுக்காரர் எங்கள் பைக் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்திருக்கிறார். என் கண் முன்னாலேயே பெடல் கையோடு வந்தது. எடுத்துக்கொண்டு தன் டிரக்கைப் பார்த்து நடந்தார்.

"ஏங்க! பெடலத் திருடிட்டுப் போறான்!"

ஈரத்தலையோடு கணவர் ஓடினார். பின்னாலேயே நான், கார்ட்லெஸ் போனில் போலீஸ் நம்பரில் பாதியை அழுத்தியபடி.

அந்த மனிதர் ஓடவில்லை. டிரக்கின் பின்பக்கம் உட்கார்ந்து, பெடலை மடியில் வைத்து, அதன் துளைக்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் உள்ளங்கையை விரித்தார். ஒரு சின்ன ஸ்பிளிட் பின். ஞாயிறு மதியம் பைக் அடியில் கிடந்ததாம். பெடலையும் பிரேக் ராடையும் சேர்க்கும் ஆணி நழுவாமல் பிடித்துக்கொள்வது அதுதான். நாங்கள் மாட்ட மறந்திருக்கிறோம். துளைக்குள் இருந்த துருவையும் சுரண்டாமல் மேலேயே கிரீஸைப் பூசியிருக்கிறோம்.

"ஃப்ரீவே... நோ பிரேக்" என்றார், கையை விரித்து. என் கணவர் முகம் வெளுத்துவிட்டது.

பிறகு என்னைப் பார்த்து, நேற்று கதவைத் தட்டினேன் என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். பொய் சொல்ல வாய் வரவில்லை. வீட்டில்தான் இருந்தேன் என்றேன்.

"ஐ நோ" என்றார். கதவுக்கு அடியில் என் காலின் நிழல் தெரிந்ததாம். கோபமே இல்லை அவர் குரலில்.

துளை பளபளத்ததும் புது கிரீஸ் தடவி, பெடலைப் பைக்கில் பொருத்தி, ஸ்பிரிங்கை இழுத்து மாட்டி, பின்னைச் செருகி அதன் இரண்டு காலையும் குறடால் வளைத்தார். மிதித்துப் பார்க்கச் சொன்னார். பெடல் இறங்கி, டக்கென்று மேலே வந்தது. நான் மன்னிப்புக் கேட்பதற்குள் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறேன் என்று தெரிந்தே, மறுநாள் விடிந்ததும் என் கணவருக்காகத் தரையில் மண்டிபோட்ட அந்த மனிதரை நினைத்தால், இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.