நித்தி தடவிப் பார்க்காத நூல்

நித்தி போய்விட்டான் என்ற செய்தி எனக்கு முதலில் வரவில்லை. அதுதான் எனக்கு முதலில் சுட்டது. அன்று மத்தியானம் ஒஸ்லோவின் புருசெத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, அடுத்த ஓட்டத்துக்கு முன் கிடைத்த சின்ன இடைவேளையில் கைப்பேசியைத் திறந்தேன். எங்கள் டிப்போ சாரதிகளின் குழுவில் ஆர்னே நோர்வேஜிய மொழியில் இரண்டு வரி எழுதியிருந்தான். நித்தி காலையில் ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டான், அவன் மனைவி சுகந்தி சொன்னாள் என்று. கீழே அதற்குள் ஒரு வரிசை சிவப்பு இதயங்கள். இருபது வருடத்துக்கு மேல் அவனோடு ஒரே டிப்போவில் பஸ் ஓட்டியவன் நான். ஆர்னேக்குச் சொன்ன சுகந்தி எனக்கு ஏன் சொல்லவில்லை என்றுதான் நினைத்தேன். அழுகை அதற்குப் பிறகு வந்தது. பிறகு பார்த்தால், அவள் எனக்குத்தான் முதலில் எடுத்திருக்கிறாள், இரண்டு தரம். நான் ஓட்டிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை.

என் குணம் இப்படித்தான். உங்களில் பலருக்கு இது தெரியும். நித்திக்கும் தெரியும்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி சுகந்தி கேட்டபோது எனக்கு உள்ளே ஒரு சந்தோசம் வந்தது. ஆர்னேயைக் கேட்கவில்லையே, அவனுக்குத் தமிழ் எழுதத் தெரியாதே என்ற சந்தோசம். அடுத்த வசனத்தில் அது பறந்துவிட்டது. "தவம் அண்ணை, அந்தப் பெரிய மீன் அறுத்துக்கொண்டு போன கதையை எழுதுங்கோ. நீங்கள்தானே பக்கத்திலை இருந்தனீங்கள்" என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இன்றைக்கு மூன்றாவது முறையாக எழுதத் தொடங்குகிறேன்.

அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். தகனச் சடங்கில் ஆர்னே அதைத்தான் சொன்னான். இரண்டு மொழிக்காரரும் ஒரே இடத்தில் சிரித்து, ஒரே இடத்தில் அழுதீர்கள். நித்தி எவ்வளவு கவனமானவன், அவனே ஒருநாள் நூலைத் தடவிப் பார்க்க மறந்தான், வாழ்நாளின் பெரிய மீனைத் தொலைத்தான், அதை ஒளிக்காமல் எல்லோருக்கும் ஒரு பாடமாகச் சொல்லித் தந்தான். ஆர்னே சொன்னதில் ஒரு சொல்கூட அவன் இட்டுக்கட்டியது இல்லை. ஆனாலும் அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதைச் செய்யக்கூடிய ஆள் நான் ஒருவன்தான்.

முதலில் எங்கள் இரண்டு பேரையும் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்தவன். நடக்கத் தொடங்கியபோதே கையில் தங்கூசி, அந்த நைலோன் தூண்டில் நூல். நித்தி கோப்பாயில் வெங்காயம் நட்ட வீட்டுப் பிள்ளை. பரம்பரையாக மரக்கறிக்காரர். மீன் வாடை வந்தால் அந்த வீட்டில் வாசலுக்குத் தண்ணீர் தெளிப்பார்களாம். இப்படிப்பட்ட ஒருவன் ஒஸ்லோவுக்கு வந்து, ரொம்சோசில் இருந்துகொண்டு, விடுமுறை நாளெல்லாம் ஓயரன் ஏரியில் யெட்டே மீன் பிடித்தால் வாவிக்கரைக்காரனுக்கு எப்படி இருக்கும்? யெட்டே என்பது நீண்ட தாடையும் ஊசிப் பல்லும் உள்ள நன்னீர் மீன். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறையத்தான் வளரும் என்று நித்தி சொல்லுவான். பிடித்ததை அளந்து, படமெடுத்து, தண்ணீருக்குள் பிடித்து வைத்திருந்து, அது வாலை அடித்ததும் "சிவசிவா" என்று விட்டுவிடுவான்.

"சாப்பிடாத மீனை என்னத்துக்குடா பிடிக்கிறாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கொஞ்ச நேரம் கதைச்சுப்போட்டு விடுறதுக்கு" என்றான்.

அவனோடு போன முதல் நாளே என் மானம் போனது. இரைக்குப் பதிலாக நூலில் கட்டிய என் பொய்மீன் அடியில் ஒரு கட்டையில் மாட்டிக்கொண்டது. வாவியில் நாங்கள் என்ன செய்வோம்? தங்கூசியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுப்போம். அது இழுபடும், விட்டுக்கொடுக்கும். நானும் அப்படியே சுற்றி இழுத்தேன். ஆனால் யெட்டேக்குப் போடுவது பின்னல் நூல். மெல்லிய இழைகளைப் புரிபுரியாகப் பின்னியது. அது மயிரளவும் இழுபடாது. உள்ளங்கையை அரிந்துவிட்டது. நித்தி தன் சால்வையால் என் கையைக் கட்டினான். பிறகு நூலை ஒரு மரத்துண்டில் சுற்றி, படகோடு சேர்த்து இழுத்து மீட்டுக் கொடுத்தான்.

"உனக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"பெட்டியிலை எழுதிக்கிடக்கு, மச்சான்."

எனக்கு அந்தப் பதிலில் வந்த எரிச்சல் கையிலிருந்த எரிச்சலைவிடக் கூட. கடலும் வாவியும் அறியாத ஒருவன், பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்தே என்னை வெல்கிறான்.

அடுத்த முறை நானே போய் நூல் வாங்கினேன், அவனைக் கேட்காமல். கடையில் இருந்தவற்றில் ஆக மெல்லியதும் ஆகப் பலமானதும். மெல்லிய நூல் தூரம் போகும் என்பது என் கணக்கு. மூன்றாவது எறியில், றீலில் சுற்றியிருந்த நூல் தன் அடிச்சுற்றுக்குள்ளேயே புதைந்து இறுகி நின்றது. பொய்மீன் மட்டும் அறுந்து, தன்பாட்டில் பறந்து, எதிர்க்கரை நாணலுக்குள் விழுந்தது. ஆர்னே படகின் அணியத்தில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துச் சிரித்தான். நித்தி சிரிக்கவில்லை. "மீனைப் பாத்து நூல் வாங்காதை. எறியிற கையைப் பாத்து வாங்கு. மெல்லிசு நூல் பாரமான எறியைத் தாங்காது, தனக்குள்ளையே புதையும்" என்றான். பின்னால் நீங்கள் எல்லோரும் திருப்பித் திருப்பிச் சொல்லும் அந்த வசனம் முதலில் எனக்குச் சொல்லப்பட்டது. அதில்கூட எனக்கு ஒரு உரிமை கொண்டாட்டம். செத்தவீட்டில் ஆர்னே, நித்தி அதைத் தனக்குத்தான் முதலில் சொன்னான் என்றபோது நான் எழும்பிப் போய் யன்னலோரம் நின்றேன்.

இனி அந்தப் புரட்டாதி நாள்.

நாங்கள் இரண்டு பேரும் மட்டும் போயிருந்தோம். ஆர்னேக்கு வேலை. எனக்கு அதுவே ஒரு கொண்டாட்டம். ஏரி பழுப்பாக, அசையாமல் கிடந்தது. படகு கட்டியிருந்த இடத்திலேயே நித்தி வழக்கம்போல நூல் நுனியிலிருந்து நாலைந்து பாகத்தை, அதாவது நாலைந்து முறை கை விரித்த நீளத்தை, எங்காவது உரஞ்சியிருக்கிறதா என்று விரல்களுக்கிடையில் இழுத்துத் தடவினான். கண்ணை மூடிக்கொண்டு செய்வான். பிறகு முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கினான். நான் அவனுக்கு முன்னால் இருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்குள் அவனுக்கு மூன்று மீன். எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு சின்னத் தீவில் படகை ஒதுக்கி, சுகந்தி கட்டித் தந்த புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் சாப்பிட்டோம். அவன் கை கழுவிவிட்டு மரங்களுக்குள் போனான். அவனுடைய தூண்டில் தடி படகில் சாய்ந்து கிடந்தது. தடியில்தான் ஏதோ இருக்கிறது, நூலில்தான் ஏதோ இருக்கிறது, அவனில் இல்லை என்று நிரூபிக்க எனக்கு ஒரு எறி போதும் என்று பட்டது. எடுத்து எறிந்தேன். பாறைகளுக்குள் போய் மாட்டியது. அவன் வருவதற்குள் எடுக்க வேண்டும் என்ற அவதியில் இப்படியும் அப்படியுமாக இழுத்தேன். நூல் கல்லில் உரஞ்சுவது தடியில் தெரிந்தது. கடைசியில் கழன்று வந்தது. யெட்டேயின் பல்லுக்காக நுனியில் கட்டியிருந்த கம்பிக்கு மேலே ஒரு பாக தூரத்தில் நூல் பஞ்சுபோலச் சிலிர்த்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். நகத்தில் மாட்டியது.

அதை வெட்டிவிட்டு முடிச்சுப் போட இரண்டு நிமிடம் காணும். "மச்சான், உன்ட தடியை எடுத்தநான், நூல் உரஞ்சிட்டுது" என்று சொல்ல அதுவும் வேண்டாம். நான் தடியை அது கிடந்தபடியே சாய்த்து வைத்தேன். மறந்துபோய் வைக்கவில்லை. பயந்தும் வைக்கவில்லை. அவனுக்கும் ஒன்று அறுந்து போகட்டும் என்றுதான் வைத்தேன். இந்த வசனத்தை எழுதத்தான் மூன்று முறை தொடங்க வேண்டியிருந்தது.

நித்தி திரும்பி வந்து, படகைத் தள்ளி, எறியத் தொடங்கிய பத்து நிமிடத்துக்குள் மீன் அடித்தது. படகு அரைவட்டம் திரும்பியது. ஒருமுறை அது மேலே வந்து முதுகைக் காட்டியது. நான் என் வாழ்நாளில் வாவியிலோ ஏரியிலோ அப்படி ஒரு முதுகைக் கண்டதில்லை. நித்தி "வா ராசா, வா" என்று மெல்லமாகச் சொல்லிக்கொண்டு நின்றான். வலையைக் கையில் வைத்துக்கொண்டு நான் மனதுக்குள் கும்பிட்டேன், அறக்கூடாது என்று. கும்பிட்டதையும் எழுத வேண்டும். எழுதுவதால் என் பிழை ஒன்றும் குறைந்துவிடாது. நூல் அறுந்தது.

அவன் நுனியை எடுத்துப் பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான். என்னை நிமிர்ந்து பார்ப்பான் என்று காத்திருந்தேன். அவன் சொன்னது இதுதான்: "காலமை தடவிப் பாத்தனான் எண்டெல்லோ நினைச்சன். பாக்கேல்லைப் போலை." பிறகு, "வாயிலை கொழுவினபடி போட்டுது, பாவம். என்னாலைதான்" என்றான். அதற்குப் பிறகு அந்த வருடம் அவன் மீன் பிடிக்கப் போகவில்லை. மீனைத் தொலைத்த கவலை என்று நீங்கள் நினைத்தீர்கள். மரக்கறிக்காரன் ஒரு மீனின் வாயில் இரும்பை விட்டுவிட்டு வந்த கவலை அது.

பிறகு அந்தக் கதையைத் தானே சொல்லத் தொடங்கினான். புதிதாக யார் வந்தாலும், "நூலைத் தடவிப் பாத்திட்டு எறி. நான் ஒருநாள் பாக்காமல் விட்டனான்" என்பான். கேட்டவர்களுக்கு அவன் மேல் விருப்பம் கூடிக்கொண்டே போனது. அதையும் நான் பார்த்துக்கொண்டு பொறாமைப்பட்டேன். பிழை விட்டாலும் அவனுக்கு நல்ல பேர் வருகிறதே என்று பொறாமைப்பட்டேன். அந்தப் பிழை யாருடையது என்று தெரிந்துகொண்டே பொறாமைப்பட்டேன்.

கடைசி வருடத்தில் அவனுக்கு ஒரு ஆசை. கனடாவில் யெட்டேயின் பெரியண்ணன்போல மஸ்கி என்று ஒரு மீன் இருக்கிறது. ஸ்காபரோவில் இருக்கும் மச்சானிடம் போய் அதை ஒருமுறை பிடித்துவிட வேண்டும். மாரி முழுக்க அதற்கு நூல் தெரிந்தெடுத்தான். மஸ்கிக்கு எறிகிற பொய்மீன் ஒரு சப்பாத்தளவு பாரம். அதனால் மொத்தமான, தடித்த நூல்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. நாலு புரியா எட்டுப் புரியா என்பதுதான் கேள்வி. எட்டுப் புரி வழுவழுப்பு, சத்தமில்லாமல் போகும் என்று ஆர்னேயும் கடைக்காரனும் சொன்னார்கள். நித்தி நாலு புரியை வாங்கினான். "சத்தம் போட்டால் போடட்டும். கல்லிலை உரஞ்சினால் இது கொஞ்சம் தாங்கும்" என்றான். நான் பக்கத்தில் நின்று வேறு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் உடம்பில் இருந்த வருத்தம் அதற்குப் பிறகுதான் தெரிய வந்தது. மருந்து அவனுடைய விரல்களை மரத்துப்போகச் செய்தது. ஆஸ்பத்திரிக்கு நான் போன கடைசி நாள், எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். போர்வைக்கு மேல் அந்தப் புது நூல் சுற்றிய றீல் இருந்தது. சுகந்தியிடம் கேட்டு எடுப்பித்திருக்கிறான்.

"எனக்கு விரல் ஒண்டும் உணருதில்லை. நீ ஒருக்கால் தடவிப் பார், மச்சான்."

நான் நூலை இழுத்து, கட்டில் மேல் பாகம் பாகமாகப் போட்டு, தடவிக்கொண்டே போனேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாயைத் திறந்தால் வருவது அந்தப் புரட்டாதி நாளாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். திறந்தேன்.

"நூலுக்கு ஒரு நோவும் இல்ல மச்சான். நல்லா இரிக்கி" என்றேன்.

"நீ பாத்தால் சரி" என்றான்.

அவனுக்குத் தெரிந்திருக்குமா என்று இந்த ஒரு மாதமாக யோசிக்கிறேன். தெரியாது என்றே நினைக்கிறேன். தெரிந்திருந்தால் கேட்டிருப்பான். அவன் மனதுக்குள் வைத்துக்கொள்ளுகிற ஆள் இல்லை, அது நான்.

போன கிழமை சுகந்தி அவனுடைய பொருட்களைப் பங்கிட்டாள். தடி ஆர்னேக்குப் போனது. பொய்மீன் பெட்டி டிப்போவுக்கு. "உங்களுக்கு என்ன வேணும் அண்ணை?" என்று கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்றேன். இப்போது சொல்கிறேன், சுகந்தி. அவனுடைய கை, அவனுடைய பொறுமை, உங்கள் எல்லோருக்கும் அவன் மேல் இருந்த விருப்பம், எல்லாவற்றுக்கும் நான் ஆசைப்பட்டேன். ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை, கிடைக்கவும் தேவையில்லை. அவனிடம் என்னுடையது ஒன்று இருந்தது. அந்தப் பிழை. இத்தனை வருடம் அவன் அதைத் தன்னுடையது என்று சுமந்தான். அதைத்தான் நான் எடுத்துக்கொண்டு போகிறேன்.

இந்தப் பக்கத்தை வெட்டாமல் போடுங்கள். ஆர்னேக்கு யாராவது வாசித்துச் சொல்லுங்கள். இனி அந்தப் பெரிய மீனின் கதையைச் சொல்லுகிற ஒவ்வொருவரும், நித்தி அன்று காலை நூலைத் தடவிப் பார்த்தான் என்று சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, நாலைந்து பாகம், நன்றாகத் தடவிப் பார்த்தான். நான்தான் பக்கத்தில் இருந்தேன்.