முனி வளைவில் நிற்காத பிக்கப்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிக்கப் வண்டி நின்றுபோனால் அதன் வயிற்றுக்குள் யாரோ தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்கும். இன்ஜின் அணைந்து, பின்னால் இருப்பவர்கள் முணுமுணுத்து ஓய்ந்த பிறகுதான் அது தொடங்கும். களக், களக் என்று மிடறு மிடறாக. தாகத்தோடு வெகுதூரம் நடந்து வந்த ஆள் குடிப்பது மாதிரி.

பெரும்பாலும் முனி வளைவில்தான் இது நடக்கும். டயகமவுக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்திலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் வழியில், மூச்சுவிடாமல் ஏறிவந்த ஏற்றம் முடிகிற இடம் அது. பாதையோரத்தில் ஒரு கல், கல்லில் சாய்த்து வைத்த சூலம், மேலே உயரமான டர்பன்டைன் மரங்கள். நல்ல வெயில் நாளிலும் அந்த இடத்தில் வெளிச்சம் குறைவு.

பிக்கப், உலக யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் கழித்துவிட்ட வண்டி. பச்சைப் பெயின்ட் உரிந்த இடங்களில் பழைய காக்கி நிறம் எட்டிப் பார்க்கும். அதை ஓட்டியவர், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையான காம்பிராக்காரர். நாற்பது வயதிருக்கும். நான் அவரை அண்ணே என்பேன்.

வளைவில் வண்டி நின்றதும் அண்ணன் வரிசையாகச் சில காரியங்கள் செய்வார். போத்தலில் கொண்டுவந்த தண்ணீரை முதலில் கல்லில் ஊற்றுவார். மிச்சத்தில் தலைத்துண்டை நனைத்து, இன்ஜினில் பெற்றோலை இழுக்கிற பம்பின் மேல் போர்த்துவார். கற்பூரம் கொளுத்துவார். கற்பூரம் அணையும்வரை யாரும் வண்டியில் ஏறக்கூடாது. அணைந்ததும் ஏறி ஸ்டார்ட் செய்தால் ஓடும். ஓடாத நாளை நான் பார்த்ததில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாஸ் பண்ணி, தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்திருந்தேன். பிக்கப்போடு வந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று எண்ணெய் ஊறி ஆபீஸ் அலமாரியில் கிடந்தது. ஒரு வார்த்தைக்கு ஒரு தடவை அகராதியைப் பார்த்து அதைப் படித்தேன். பெற்றோல் வரும் குழாய், கொதிக்கும் புகைக் குழாயை ஒட்டிப் போகிறது. நீண்ட ஏற்றத்தில் சூடேறி, பெற்றோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகிவிடுகிறது. ஆவியைப் பம்ப் இழுக்காது. மலை உயர உயர அது இன்னும் சீக்கிரம் கொதிக்கும். வண்டி நின்ற பிறகு கேட்பது அந்தக் கொதிப்பின் சத்தம்தான். ஈரத்துண்டு போட்டுப் பொறுத்திருந்தால் ஆறிவிடும்.

இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"அப்ப சூடாகிப்போச்சுன்னு தண்ணி கேக்குது. அதானே?"

"ஆமாண்ணே."

"அதத்தானடா தம்பி நானும் சொல்றேன். முனி தண்ணி கேக்குறாருன்னு."

அந்தச் சமயத்தில்தான் அவருக்கும் அவர் மனைவிக்கும் அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து அழைப்பு வந்தது. இருவரும் இலங்கைப் பிரஜா உரிமைக்கு மனுப்போட்டிருந்தார்கள். காலை ஒன்பது மணிக்கு நுவரெலியாவில் விசாரணை. பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிடுவார்கள். ஆள் இல்லையென்றால் மனு தள்ளுபடி. அப்படித் தள்ளுபடியானவர்கள் எங்கள் தோட்டத்தின் மேல் டிவிசனில் இருந்தார்கள். கொழுந்து பறிக்கவும் செடியைக் கவ்வாத்து வெட்டவும் அவர்கள் வேண்டும். ஆனால் எந்த நாட்டுக்காரர் என்று கேட்டால் இந்த நாடும் இல்லையென்றது, அந்த நாடும் இல்லையென்றது.

அன்று பங்களாச் சாமான் ஏற்றப் பிக்கப் எப்படியும் நுவரெலியா போகவேண்டியிருந்தது. அதிலேயே போய்வரத் தோட்டத்துத் தொரை அனுமதி கொடுத்தார். முதல் பஸ்ஸில் போனால் ஒன்பதுக்குப் போய்ச் சேரமுடியாது. ஆகவே வண்டி நிற்கக்கூடாது. நிற்காமல் செய்கிறேன் என்று நான் ஏற்றுக்கொண்டேன்.

பெற்றோல் குழாயைப் புகைக் குழாயிலிருந்து விலக்கிக் கட்டி, தும்புக் கயிற்றால் நெருக்கிச் சுற்றினேன். தேயிலைப் பெட்டிக்குள் போடுகிற ஈயத்தாளை மடித்து இரண்டுக்கும் நடுவே மறைப்பு வைத்தேன். பெற்றோலும் காற்றும் கலக்கிற காபரேட்டர் இன்ஜினோடு பொருந்தும் இடத்தில், பெட்டிப் பலகையில் வளையம் வெட்டிக் கொடுத்துச் சூடு தாவாமல் தடுத்தேன். ஆங்கிலப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. வெயில் நாளில் வளைவுவரை இரண்டு தடவை போய்வந்தோம். வண்டி நிற்கவில்லை. அண்ணன் சந்தோஷப்படவும் இல்லை.

விசாரணை நாளன்று விடியும்போதே பனிமூட்டம் லயத்து வாசலில் நின்றது. அண்ணி புதுச்சேலை கட்டி, தேத்தண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

"கல்யாணத்துக்குக்கூட இவரு என்னைய நடத்தித்தான் கூட்டியாந்தாரு," என்றாள் என்னிடம். "இன்னிக்குத்தான் வண்டி குடுத்திருக்காரு."

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா வா," என்றார் அண்ணன்.

ஏற்றம் முழுவதும் இன்ஜின் திணறாமல் இழுத்தது. வளைவு நெருங்கியபோது அவர் கால் தளர்ந்ததை வேகத்தில் உணர்ந்தேன்.

"நிறுத்தவா தம்பி?"

"வேணாம்ணே. இப்ப நிறுத்துனாத்தான் சூடு தேங்கும். ஓடட்டும்."

ஒரு கையை மட்டும் நெஞ்சுக்கு நேரே தூக்கிவிட்டு அவர் வண்டியைத் திருப்பினார். அண்ணி கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"கல்லு நனைஞ்சிருக்கு. நமக்கு முந்தி யாரு தண்ணி ஊத்துனா?"

பனி நனைத்திருக்கும் என்றேன். பாதையின் தார் காய்ந்துதான் கிடந்தது.

நானுஓயா தாண்டிக் காட்டுக்குள் நுழைந்தபோது விளக்குப் போட்டும் வண்டியின் மூக்குக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளைக்குள் வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தோம். பாதை பெரிதாக ஏறவுமில்லை. அங்கேதான் இன்ஜின் தளரத் தொடங்கியது. சூட்டில் நிற்கும்போது அது இருமும், உதறும். இப்போது அப்படியில்லை. தூங்கிப்போகிற மனிதரின் மூச்சு மாதிரி மெலிந்து மெலிந்து, எப்போது நின்றதென்று தெரியாமல் நின்றது.

அண்ணன் ஸ்டியரிங்கிலிருந்து கையெடுக்கவில்லை.

"இது வேற மாதிரிச் சாவுடா," என்றார் மெதுவாக.

மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தோம். எதற்கென்று கொஞ்ச நேரம் எனக்கே விளங்கவில்லை.

"கேக்கலையே," என்றாள் அண்ணி.

"என்னாங்கண்ணி?"

"குடிக்கிற சத்தம்."

அந்தச் சத்தத்துக்கு நான் இவ்வளவு பழகியிருந்தேன் என்று அன்றுதான் தெரிந்தது. மரங்களிலிருந்து நீர் சொட்டியது. அதைத் தவிர உலகத்தில் ஒரு அசைவும் இல்லை.

இறங்கி மூடியைத் திறந்தோம். புகைக் குழாய் கொதித்துக்கொண்டிருந்தது. பம்பைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. காபரேட்டரைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். விரல் ஒட்டிக்கொள்ளுமளவு குளிர். அதன் கழுத்தைச் சுற்றி, சூடான இன்ஜினுக்கு ஒரு சாண் தள்ளி, வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது.

அண்ணன் நெடுநேரம் அதைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். மோதிர விரலால் அந்த வெள்ளையைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். அது திருநீறாக நிற்கவில்லை. நீராகி, மூக்கு வழியே இறங்கி, உதட்டில் சொட்டியது. அவர் துடைக்கவில்லை.

"வளவுல நிக்காம வந்துட்டோம்ல," என்றார். "கூடவே வந்துட்டாரு."

எனக்கும் உடம்பு சிலிர்த்தது. கொதிக்கிற இன்ஜினில் உறைபனி பூக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் அந்த வெள்ளையையும் நான் வைத்த பலகை வளையத்தையும் மாறிமாறிப் பார்த்தபோது புரிந்தது. பெற்றோல் ஆவியாகும்போது அந்த இடம் குளிரும். அந்தக் குளிரை ஈடுகட்ட வேண்டிய இன்ஜின் சூட்டை நான் மறித்துவிட்டேன். பனிமூட்டத்தின் ஈரம் உள்ளே போய் அங்கேயே உறைந்து, காற்று வரும் வழியை அடைத்திருக்கிறது.

"அண்ணே, உள்ள பனி கட்டியிருக்கு. சூடு பட்டா ஓடும். சுடுதண்ணி வேணும்."

"காட்டுக்குள்ள சுடுதண்ணிக்கு எங்கடா போறது? ரேடியேட்டரத் தொறந்தா கொதிதண்ணி மூஞ்சில அடிக்கும்."

அண்ணி மடியிலிருந்த போத்தலை நீட்டினாள்.

"தேத்தண்ணி இருக்கு. வளவுல முனிக்குப் பச்சத்தண்ணி யாரோ குடுத்துட்டாங்க. குளிருக்கு வந்தவருக்கு இதக் குடுங்க."

கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். வெள்ளை கரைந்து பழுப்பாக வழிந்தது. சாயமும் சீனியும் கலந்த ஆவி முகத்தில் அடித்தது. ஈயத்தாள் மறைப்பைப் பிய்த்து எறிந்தேன், இனி இன்ஜின் சூடு அங்கே எட்டட்டும் என்று. காபரேட்டரைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றோம். மணி என்னவென்று கேட்க எனக்குத் துணிவில்லை. அண்ணி மட்டும் பாதையைப் பார்த்து, "நடந்தா போயிறலாமா?" என்றாள்.

அண்ணன் மூன்றாவது தடவை ஸ்டார்ட் செய்தபோது வண்டி உயிர்பெற்றது.

நுவரெலியாவுக்குள் நுழைந்தபோது பட்டணமே இல்லை. பனிக்குள்ளிருந்து ஒரு குதிரையின் முகம் மட்டும் வந்து மறைந்தது. கச்சேரி இருக்கவேண்டிய இடத்தில் வண்டியை விட்டு இறங்கி, சுவரைத் தேடி நடந்தோம். அப்போது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. ஆள் தெரியவில்லை, கட்டடம் தெரியவில்லை. அண்ணனின் முழுப்பெயர், தகப்பன் பெயரோடு.

அண்ணன் நின்றுவிட்டார்.

"அண்ணே, ஒங்களத்தான்!" என்று வாயெடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினார். அண்ணி உதட்டில் விரலை வைத்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆள் தெரியாத குரல் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எங்கள் லயத்தில் யாரும் உடனே பதில் கொடுக்கமாட்டார்கள். கெட்டது கூப்பிட்டால் இரண்டு தடவைதான் கூப்பிடும். மூன்றாவதும் கேட்டால்தான் மனுசர். பால்குடி மறந்த நாளிலிருந்து எல்லோருக்கும் தெரிந்த பாடம் அது.

இரண்டாவது தடவை குரல் வந்தது. கொஞ்சம் எரிச்சலோடு, கொஞ்சம் தூரத்தில் மாதிரி. எங்கள் மூன்று பேரின் மூச்சும் புகையாகப் போய்க்கொண்டிருந்தது. எத்தனையாவது தடவையிலிருந்து நாங்கள் கேட்கிறோம் என்று யோசித்தேன். எங்களுக்கு முதலாவது, அவர்களுக்கு இரண்டாவதாக இருந்தால்?

மறுபடி அந்தப் பெயர்.

"இந்தா இருக்கேங்க! வந்துட்டேங்க!" என்று கத்திக்கொண்டு அண்ணன் வெறுங்காலோடு ஓடினார். செருப்பைக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

உள்ளே அதிக நேரம் பிடிக்கவில்லை. நான் வாசல் விறாந்தையில் நின்றேன். வெளியே வந்த அண்ணியின் முகம் வெளுத்திருந்தது.

"பொறந்த எடத்தக் கேட்டாங்க. சொன்னோம். விசாரிச்ச பெரியவரு எழுதிக்கிட்டாரு. அவ்வளவுதான் தம்பி."

அவர்கள் மனு ஏற்கப்பட்டது என்று பிறகு தெரிந்தது. அன்று எங்களுக்கு அது தெரியாது.

நாங்கள் படியிறங்கும் முன் கச்சேரிப் பியூன் விறாந்தை விளிம்புக்கு வந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டான். சிங்களவன், தமிழ்ப் பெயர் அவன் வாயில் உருண்டு வந்தது. பனிக்குள் போய்க் கரைந்தது. இரண்டாவது தடவை. மூன்றாவது. ஒருவரும் வரவில்லை. அவன் திரும்பினான்.

"ஐயா," என்றார் அண்ணன். "இன்னொருக்காக் கூப்புடுங்க."

"மூணு தரம் சரி. அவ்வளவுதான்."

"வண்டி எங்கயாச்சும் நின்னுருக்கும்யா. இல்லாட்டிக் கீழதான் நிப்பாங்க. எங்க ஆளுங்க சட்டுன்னு வாயத் தொறக்க மாட்டாங்க. இன்னொருக்கா, ஐயா."

பியூன் அவரைப் பார்த்தான், வெறுங்காலைப் பார்த்தான், பனியைப் பார்த்தான். பிறகு என்ன நினைத்தானோ, நான்காவது தடவையாக அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டான்.

கேட்டுக்கொண்டு நின்றோம். கீழே எங்கோ காலடி மாதிரி ஒன்று. மரங்கள் சொட்டுவதாகவும் இருக்கலாம். அண்ணன் காத்திருக்கவில்லை. "ஒங்களத்தான் கூப்புடுறாங்க, பயப்படாம வாங்க!" என்று கத்தியபடி அந்த வெள்ளைக்குள் படியிறங்கிப் போனார்.